செட்டைக் கழற்றினால் அலாரம் போய்விடுமா?

புனலூரில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2012 செவ்ரோலே க்ரூஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், கேஎல் 25 வண்டி. கம்பெனி செட்டை எடுத்துவிட்டு ஆண்ட்ராய்டு டச் செட் போடலாம் என்று போனால், ஒரு கடையில் செட்டும் அலாரமும் ஒரே லைன், கை வைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்கிறார்கள். அடுத்த கடையில் 'ஒரு பிரஸ்னமும் இல்லா, ஒரு மணிக்கூர் மதி' என்கிறார்கள். யாரை நம்புவது அண்ணாச்சி?"

தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆகும். அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை இது. உங்கள் வண்டியில் செட் என்பது பாட்டுப் பெட்டி மட்டும் இல்லை என்பதால், அதன் பின்னால் போகும் கம்பெனி ஒயர் ஒன்றைக்கூட வெட்ட விடாதீர்கள். வேலையை எந்தக் கடையில் கொடுத்தாலும் இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

நான் செங்கோட்டையில் இருபது வருடங்களுக்கு மேலாக ஆட்டோ எலெக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். கொல்லம், கொட்டாரக்கரை, புனலூர் பக்கத்து வண்டிகள் ஆரியங்காவு ஏறி, புளியரை எஸ் வளைவில் இறங்கி என் கடைக்கு வரும். அப்படி வருகிற வண்டிகளில் செட் மாற்றிய பிறகு தொந்தரவு என்று வருபவை நிறைய. பெரும்பாலானவற்றில் கோளாறு செட்டில் இருக்காது, அதை மாட்டிய விதத்தில்தான் இருக்கும்.

முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். மூன்றையும் சேர்த்து "அலாரம்" என்று சொல்வதால்தான் பாதிக் குழப்பம். ஒன்று இம்மொபிலைசர். சாவித் தலையில் ஒரு சிறிய சிப் இருக்கிறது. சாவி போடும் இடத்தைச் சுற்றியுள்ள காயில் அதைப் படிக்கும். சரியான சிப் என்றால்தான் என்ஜின் ஓட அனுமதி. இதற்கும் செட்டுக்கும் சம்பந்தமே இல்லை. செட் இருந்த இடம் வெறும் ஓட்டையாகக் கிடந்தாலும் வண்டி ஓடும். இரண்டாவது, திருட்டு அலாரம். கதவு, பானட் எல்லாவற்றிலும் இருக்கும் சுவிட்சுகளைப் பார்த்துக்கொண்டு, பூட்டிய வண்டியை யாராவது திறந்தால் ஹாரனை அலறவிடுவது. அதன் மூளை பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற பெட்டி. அது செட்டுக்குள் இல்லை. மூன்றாவது, செட் தன்னைத்தானே பூட்டிக்கொள்வது. செவ்ரோலேயின் தாய்க் கம்பெனியான ஜிஎம்மின் வண்டிகளில், செட் தான் இருக்கும் வண்டியின் சேசிஸ் எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளும். வேறு க்ரூஸில் கொண்டுபோய் மாட்டினால் லாக் ஆகிவிடும். ஆகவே உங்கள் பழைய செட்டைக் கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் கேட்டால் கொடுக்காதீர்கள். வாங்குகிறவருக்கு அது உடனே உதவாது, உங்களுக்கோ அது திரும்பக் கிடைக்காது. செவ்ரோலே இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது 2017 இறுதியில். இன்னொரு செட்டை வாங்கி உங்கள் வண்டிக்கு ப்ரோகிராம் செய்ய ஆள் தேடுவது நாளுக்கு நாள் கடினமாகிறது. எடுத்த செட்டைத் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள்.

சரி, அப்படியானால் செட்டுக்கும் மற்றவற்றுக்கும் என்னதான் தொடர்பு?

உங்கள் க்ரூஸில் சாவியை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தால், லைட்டை அணைக்காமல் இறங்கினால், பெல்ட் போடாமல் நகர்ந்தால் "டிங் டிங்" என்று ஒரு மணி கேட்கும். அந்தச் சத்தத்துக்கென்று தனி பஸர் கிடையாது. பாடி மாட்யூல் "மணி அடி" என்று செட்டுக்குத் தகவல் அனுப்பும். செட் அதை முன்பக்க ஸ்பீக்கரில் ஒலிக்கும். செட்டை எடுத்தால் வண்டி ஊமையாகிவிடும். அதே மாதிரி கான்ஃபிக் பட்டனை அழுத்தினால் வருகிற வண்டி செட்டிங் மெனு, அதாவது ஓடும்போது கதவு தானாகப் பூட்டுவது, ரிமோட்டை அழுத்தினால் லைட் மினுக்குவது, ஒரு கதவு திறப்பதா நான்கும் திறப்பதா என்பதெல்லாம், செட் வழியாகத்தான் மாற்ற முடியும். கடைக்காரர் "அலாரத்தோடு சேர்ந்தது" என்று சொன்னது இதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். மெனுவில் நீங்கள் தேர்ந்தெடுப்பதைப் பாடி மாட்யூல் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனால் செட்டைக் கழற்றுவதற்கு முந்தின நாள் வண்டியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் உங்களுக்கு எப்படி வேண்டுமோ அப்படி வைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

இந்தத் தகவல் எல்லாம் போகிற வழி ஒரே ஒரு ஒயர். வண்டிக்குள் இருக்கும் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் என்ற முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. அதில் வழக்கமாக இரண்டு ஒயர் முறுக்கிக்கொண்டு ஓடும். ஜிஎம் கம்பெனி, செட், பாடி மாட்யூல் போன்ற அவசரமில்லாத பெட்டிகளுக்கு அதையே ஒற்றை ஒயரில், விநாடிக்கு 33.3 கிலோபிட் என்ற மெதுவான வேகத்தில் ஓட்டியது. அந்த ஒற்றை ஒயரில் கதவுப் பூட்டு, ரிமோட், செட் எல்லாம் பேசிக்கொள்கின்றன. செட் மாட்டுகிறவர் அதைத் தவறுதலாக பாடியில் உரசவிட்டால் அந்த வரிசை முழுக்கப் பேச்சு நின்றுபோகும். பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப்பை அதில் குத்திப் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள்; மல்டிமீட்டர் மட்டும்தான்.

இங்கேதான் எல்லாரும் சறுக்கும் இடம் வருகிறது. வெளியில் வாங்கும் செட்டுக்கு மஞ்சள் ஒயரில் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு ஒயரில் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட், கறுப்பு எர்த். சாதாரண வண்டியில் கம்பெனி கப்ளரிலேயே, அதாவது ஒயர்கள் சேர்ந்து செட்டில் சொருகும் முனையிலேயே, இந்தச் சிவப்புக்கான லைன் வந்துவிடும். உங்கள் வண்டியில் வராது. சாவி போட்டாயிற்று என்ற செய்தியும் அந்தத் தகவல் ஒயரில்தான் வரும். கவனித்திருப்பீர்கள், சாவியை எடுத்த பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்ததும் நிற்கும், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் தானாக நிற்கும். பாடி மாட்யூல் சொல்லித்தான் அப்படி நடக்கிறது. சிவப்பு ஒயருக்கு லைன் கிடைக்காத கடைக்காரர் என்ன செய்வார்? சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கிவிடுவார். செட் வேலை செய்யும், நீங்களும் பணம் கொடுத்துவிட்டு சந்தோஷமாகப் போவீர்கள். ஆனால் செட் இனி தூங்கவே தூங்காது.

சாவி எடுத்த பிறகும் அந்த செட் 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-ஹவர். 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நான்கே நாளில் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பேட்டரி வோல்ட் இறங்க இறங்க அலாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் தடுமாறும். பிறகு செட் அலாரத்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.

இதற்குச் சரியான மருந்து க்ரூஸுக்கென்றே வரும் கப்ளரும் கேன் பாக்ஸும். கம்பெனி கப்ளர் அப்படியே அதில் சொருகிக்கொள்ளும், எந்த ஒயரையும் வெட்ட வேண்டாம். பாக்ஸ் தகவல் ஒயரைக் கேட்டு, சாவி போட்டாயிற்று, ரிவர்ஸ் கியர் விழுந்தது, ஸ்டீயரிங் பட்டனை அழுத்தினார் என்பதையெல்லாம் புது செட்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும். எல்லா பாக்ஸும் மணிச் சத்தத்தைத் தருவதில்லை. கடையில் விலை பேசும் முன்னாலேயே "சைம் வருமா?" என்று கேளுங்கள். அதே மாதிரி ஒரு க்ரூஸுக்கு ஏற்கெனவே மாட்டியிருந்தால் அதில் உட்கார்ந்து, லைட்டைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து, காதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். மணி தரும் பாக்ஸ் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. க்ரூஸில் மேலே இருக்கும் திரை, பட்டன் பேனல், உள்ளே இருக்கும் ரேடியோ பெட்டி மூன்றும் தனித்தனி. பெட்டியை நீட்டு ஒயரிங் போட்டு டேஷ்போர்டுக்குள் பத்திரமாக ஓரிடத்தில் உயிரோடு வைத்து, மணிக்கு மட்டும் ஒரு சிறிய ஸ்பீக்கர் கொடுக்கலாம். வேலை அதிகம், கூலியும் அதிகம். செய்தால் அது நிலைக்கும்.

இதுவரை சொன்னது கம்பெனி ஒயரிங். உங்கள் வண்டியில் எனக்கு உண்மையாகவே பயம் அதைப் பற்றி இல்லை. செகண்ட் ஹேண்ட் என்கிறீர்களே, முதலில் வைத்திருந்தவர் வெளி அலாரம் ஏதாவது மாட்டினாரா?

போன வருடம் குற்றாலம் சீசன் நேரம். கொல்லத்திலிருந்து ஒரு குடும்பம் அருவிக்கு வந்து ஐந்தருவிப் பக்கம் தங்கியிருந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு சைரன். ரிமோட்டை அழுத்தினால் நிற்கும், கால் மணி நேரத்தில் மறுபடி. தங்கியிருந்த எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்களாம். காலையில் சாரலில் நனைந்த வண்டியோடு என் கடைக்கு வந்தார்கள். பிள்ளைகள் பின் சீட்டில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் புது செட் மாட்டினார்கள் என்று தெரிந்ததும் செட்டைத்தான் முதலில் வெளியே இழுத்தேன்.

பின்னால் கறுப்பு டேப் சுற்றிய எட்டு ஜாயிண்ட். வெயிலில் டேப்பின் பசை உருகி ஒயர் மேல் வழிந்திருந்தது. ஒன்றைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. அதில் ஒரு சிவப்பு ஒயர் மட்டும் செட்டுக்குப் போகாமல் ஸ்டீயரிங் அடிப்பக்கம் ஓடியது. பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் அலாரம் பெட்டி. எப்போதோ அந்த அலாரத்தை மாட்டியவர் அதற்குத் தனி ஃபியூஸ் லைன் எடுக்காமல், கைக்குக் கிட்ட இருந்த செட்டின் மஞ்சள் ஒயரிலேயே கரண்ட் எடுத்திருக்கிறார். எர்த்தை, பழைய செட்டைப் பிடித்திருந்த இரும்பு பிராக்கெட்டின் ஸ்குரூவில் கொடுத்திருக்கிறார். புது செட் உட்கார்ந்திருப்பது பிளாஸ்டிக் ஃபிரேமில். புதிதாக மாட்டிய கடையில் அந்த எர்த் ஒயரைத் திரும்ப செட்டின் உடம்பிலேயே முறுக்கிவிட்டார்கள். செட்டின் உடம்பும் பச்சைப் பிடித்த ஒரு ஜாயிண்ட் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. இரவில் குளிர்ந்து, ஈரம் ஏறி, அந்த ஜாயிண்ட் விட்டுவிட்டுப் பிடிக்கும். சைரனுக்குள் சொந்தமாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. யாராவது பேட்டரி ஒயரை வெட்டினால் அலறுவதற்காகவே அதை வைத்திருப்பார்கள். எர்த் விட்டுப்போகிற ஒவ்வொரு தடவையும் அது திருடன் ஒயரை வெட்டிவிட்டான் என்று எடுத்துக்கொண்டது. சைரன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

அலாரத்துக்கு ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனி லைன், ஃபியூஸோடு. எர்த்துக்கு வண்டியின் உடம்பில் பெயிண்ட் சுரண்டிய ஒரு போல்ட். எட்டு ஜாயிண்ட்டையும் வெட்டி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். மூன்று மணி நேரம் ஆனது. பிறகு அந்த வண்டி சத்தம் போடவில்லை.

ஆகவே தம்பி, இன்று சாயங்காலமே இதைப் பாருங்கள். கம்பெனி சாவியைத் தவிர, கொத்தில் தனியாக இன்னொரு ரிமோட் தொங்குகிறதா? வண்டியைப் பூட்டினால் டேஷ்போர்டு ஓரத்தில் ஒட்டவைத்த மாதிரி ஒரு சின்ன நீல அல்லது சிவப்பு லைட் மினுக்குகிறதா? பானட்டைத் திறந்தால் கொம்பு மாதிரி ஒரு கறுப்பு சைரன் தனியாக இருக்கிறதா, அதில் சின்ன சாவித் துவாரம் இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வெளி அலாரம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வாலே சுவிட்ச் என்று ஒரு சின்ன பட்டன், பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பார்கள். வேலை தொடங்கும் முன் அதை அழுத்தி அலாரத்தை ஓய்வில் போட வேண்டும். சைரனுக்குச் சாவி இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். பழைய ஓனரிடம் போன் போட்டு அந்தச் சின்னச் சாவியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். முதலில் டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவி உங்கள் பாக்கெட்டில். பேட்டரியைத் திரும்பக் கொடுக்கும்போது கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்வதுண்டு, சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் வேலையே நின்றுவிடும். அப்புறம் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு சில நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கப்ளர் எதைப் பார்த்தாலும் அது ஏர்பேக். அதைத் தொடக் கூடாது, மீட்டர் வைக்கவும் கூடாது. செட் வெளியே வந்ததும், எதையும் பிரிப்பதற்கு முன்னால் போனில் நான்கு போட்டோ எடுங்கள். கம்பெனி கப்ளருக்குள் போகாமல் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயர் ஒவ்வொன்றும் யாரோ பிறகு சேர்த்தது. அது எங்கே போகிறது என்று தெரியாமல் எடுக்க விடாதீர்கள்.

மாட்டி முடிந்ததும் பாட்டுக் கேட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ரிமோட்டில் பூட்டு, திறப்பு. கண்ணாடி இறக்கியபடி வண்டியைப் பூட்டி, ஒரு நிமிடம் கழித்துக் கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தால் அலாரம் அடிக்கிறதா? லைட்டைப் போட்டுவிட்டு இறங்கினால் மணி வருகிறதா? கடைசியாக, நான் ஒரு வண்டியிலும் விடாமல் செய்வது: மல்டிமீட்டரை 10 ஆம்பியருக்கு வைத்து பேட்டரி மைனஸுக்கும் அதன் ஒயருக்கும் நடுவில் போட்டு, பானட் லாக்கை ஸ்குரூ டிரைவரால் மூடியது போல் தட்டிவிட்டு, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் தொடாமல் விடுவது. ஆரம்பத்தில் ஆம்பியர் கணக்கில் காட்டும், பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கத் தூங்க இறங்கும். கடைசியில் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே நின்றால் நல்லது. மேலேயே நின்றால் செட் தூங்கவில்லை. மீட்டர் மாட்டியிருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். இந்த அரை மணி நேரத்துக்குப் பொறுமை இல்லாத கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

மற்ற வண்டிக்காரர்களுக்கும் கொஞ்சம். பழைய ஹோண்டாவில் பேட்டரியைக் கழற்றினாலே செட் ஐந்து இலக்கக் கோட் கேட்கும். அது எழுதிய அட்டை மேனுவல் பையில் இருக்கும். தொலைந்திருந்தால் 1, 6 இரண்டு பட்டனையும் அழுத்திக்கொண்டு செட்டை ஆன் செய்தால் சீரியல் எண் வரும், அதைக் கொடுத்து டீலரிடம் கோட் வாங்கலாம். பழைய ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் எப்போதும் வரும் கரண்ட்டும் சாவிக் கரண்ட்டும் கப்ளரில் இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் செட்டிங் அழிகிறது என்றால் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் சொருகினாலே சரியாகிவிடும். 2019 ஜூலை 1க்குப் பிறகு தயாரான வண்டிகளில் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி, பெல்ட் ஒலி, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் சட்டப்படி கட்டாயம். செட் மாற்றும்போது அவை ஊமையாகிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

இன்சூரன்ஸையும் மறக்காதீர்கள். புது செட் கம்பெனி கொடுத்தது இல்லை என்பதால் பாலிசியில் எழுதவில்லை என்றால் திருட்டுப் போனால் அதற்குப் பணம் வராது. எலெக்ட்ரிகல் ஃபிட்டிங் என்று சேர்த்தால் வழக்கமாக அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். பில்லை வைத்துக்கொண்டு ஏஜென்ட்டிடம் சொன்னால் போதும்.

புனலூரிலேயே மேலே சொன்னபடி செய்துதரும் கடை இருந்தால் அங்கேயே கொடுங்கள், இதற்காக மலை ஏறி வர வேண்டியதில்லை. இங்கே வருவதாக இருந்தால் கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் வாருங்கள்; ஐயப்ப சாமிமார் வண்டிகள் தொடங்கிவிட்டால் ஒரு வண்டிக்கு அரை நாள் ஒதுக்க முடியாது. இரண்டு சாவியையும், அந்தத் தனி ரிமோட் இருந்தால் அதையும், வாங்கிய செட்டை அதன் பெட்டியோடும் கேன் பாக்ஸோடும் கொண்டுவாருங்கள். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்துவிடுவேன்.